இலங்கை, சாம்பியா, கானா: மூன்று நாடும் ஒரே மாதிரி கடனில் சிக்கியது எப்படி?

கரும்பலகை:

வணக்கம். நான் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஆசிய, ஆப்பிரிக்க வளரும் நாடுகளின் சிக்கல்கள் என்று ஒரு பாடம். வறுமை, மக்கள்தொகை, ஊழல், காலனி ஆட்சியின் பாதிப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவோம், பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள். போன வாரம் நடத்தி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "சாம்பியாவில செம்பு இருக்கு. கானாவில தங்கமும் கோகோவும் இருக்கு. இலங்கையில எல்லாரும் படிச்சவங்க. அப்புறம் ஏன் டீச்சர் மூணு நாடும் கடனைக் கட்ட முடியலைன்னு கையை விரிச்சுது?" என்று கேட்டாள். பக்கத்துப் பையன், "நோட்டை அச்சடிச்சுக் கட்டிட வேண்டியதுதானே" என்றான்.

அவனுக்கு ஜிம்பாப்வே கதையைச் சொன்னேன். 2009 ஜனவரியில் அங்கே நூறு லட்சம் கோடி டாலர் நோட்டே அடித்தார்கள், அதற்கும் மதிப்பில்லாமல் போனது என்றேன். வகுப்பு சிரித்தது. ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நாடுகளில் இருந்தவர்கள், இதைக் கவனித்து வருபவர்கள் யாராவது சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி இருந்தால் நல்லது.


நேர்கோடு:

ஊழல்தான் டீச்சர். சுற்றி வளைக்க வேண்டியதில்லை. மொசாம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2013, 2014-இல் அரசு நிறுவனங்கள் பெயரில் சுமார் 200 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். சூரை மீன் பிடிக்கும் படகு, கடலோரக் காவல் என்று காரணம் சொன்னார்கள். பெரும்பகுதியை நாடாளுமன்றத்துக்கே சொல்லவில்லை. 2016-இல் வெளியே வந்தபோது ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) உதவியை நிறுத்தியது, நாணயம் சரிந்தது. அன்று நிதியமைச்சராக இருந்த மானுவேல் சாங் 2024-இல் நியூயார்க்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. தலைவர்கள் திருடினால் செம்பு இருந்தும் என்ன, தங்கம் இருந்தும் என்ன? பிள்ளைகளுக்கு இதை மழுப்பாமல் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை:

டீச்சர், நான் 2011 முதல் 2016 வரை சாம்பியாவில், கிட்வே என்ற ஊரில் இருந்தேன். சுற்றிலும் செம்புச் சுரங்கங்கள். சுரங்கத்துக்கு வேண்டிய பம்பு, வால்வு, உதிரி பாகம் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கும் நிறுவனம் ஒன்றில் கணக்கு என் பொறுப்பு. உங்கள் மாணவி கேட்ட கேள்வியை அந்த மேசையில் உட்கார்ந்து ஐந்து வருடம் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் 2012. அந்த செப்டம்பரில் சாம்பியா முதல் முறையாக வெளிநாட்டுச் சந்தையில் டாலர் கடன் பத்திரம் வெளியிட்டது. கேட்டது 75 கோடி டாலர். முதலீட்டாளர்கள் தர முன்வந்தது 1,100 கோடிக்கும் மேல். வட்டி ஐந்தரை சதவீதத்தை ஒட்டி. அன்று ஸ்பெயினுக்குக் கிடைத்த வட்டியைவிட இது குறைவு என்று எங்கள் அலுவலகத்திலேயே பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். ஏன் பெருமைப்பட மாட்டார்கள்? ஏழெட்டு வருடத்துக்கு முன்தான் பழைய கடன் பெரும்பகுதி தள்ளுபடியாகி, சுமார் 700 கோடி டாலராக இருந்தது 50 கோடியை ஒட்டி இறங்கியிருந்தது. சுத்தமான சிலேட்டு. அதே நேரம் 2008 நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வட்டி கிட்டத்தட்ட பூஜ்யம். அங்கே பணம் வைத்திருந்தவர்களுக்கு எங்காவது ஐந்து, ஆறு சதவீதம் வேண்டியிருந்தது. அவர்கள் கதவைத் தட்டினார்கள், இவர்கள் திறந்தார்கள். 2014-இல் இன்னொரு 100 கோடி, 2015-இல் 125 கோடி. மூன்று வருடத்தில் 300 கோடி டாலர்.

அந்தப் பணமும் சீனாவிடம் வாங்கிய கடனும் சேர்ந்து ரோடு வந்தது, மின்சாரத் திட்டம் வந்தது. எட்டாயிரம் கிலோமீட்டர் ரோடு போடும் திட்டம் ஒன்று இருந்தது. போட்ட ரோடு நல்ல ரோடுதான், நானே வண்டி ஓட்டியிருக்கிறேன். ஆனால் அந்த ரோட்டில் வசூலாகும் சுங்கம் சாம்பியாவின் சொந்த நாணயமான குவாச்சாவில். கடனுக்கு வட்டி டாலரில். ரோடு டாலர் சம்பாதிக்காது. சாம்பியாவுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுப்பது பெரும்பாலும் செம்புதான், ஏற்றுமதியில் ஏறத்தாழ 70 சதவீதம் அது. அந்தச் செம்பின் விலையை முடிவு செய்வது லண்டன் சந்தை.

2015-இல் என்ன நடந்தது என்று என் கணக்குப் புத்தகத்திலிருந்தே சொல்கிறேன். ஒரு பம்பு, விலை 8,000 டாலர். ஜனவரியில் ஒரு டாலர் ஆறு குவாச்சா சொச்சம். பம்பு வாங்க 51,000 குவாச்சா போதும். சீனாவில் கட்டுமான வேகம் குறைந்ததும் செம்பு விலை விழுந்தது. 2011 தொடக்கத்தில் டன் 10,000 டாலரைத் தொட்ட செம்பு, 2016 ஜனவரியில் 4,500-க்கும் கீழே. செம்போடு குவாச்சாவும் விழுந்தது. நவம்பரில் ஒரு டாலர் 14 குவாச்சா. அதே பம்பு, அதே 8,000 டாலர், இப்போது 1,12,000 குவாச்சா. அந்த மாதம் ஒரு விலைப்பட்டியலை மூன்று முறை அடித்தேன். மதியம் அடித்தது மாலையில் செல்லவில்லை.

இப்போது பம்பு இருக்கும் இடத்தில் நாட்டின் கடனை வைத்துப் பாருங்கள். புதிதாக ஒரு பைசா கடன் வாங்கவில்லை, ஒரு பைசா திருடவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மக்கள் கட்டும் வரி குவாச்சாவில் வருவதால், அரசு கட்ட வேண்டிய தொகை பத்து மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. அச்சடிக்கலாமே என்ற அந்தப் பையனுக்குப் பதில் இதில் இருக்கிறது. லுசாகாவில் குவாச்சாவை அச்சடிக்கலாம். கடன்காரர் கேட்பது டாலர்.

அதே வருடம் மழையும் ஏமாற்றியது. நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். கரிபா அணையில் தண்ணீர் இறங்க, எங்களுக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மின்வெட்டு. சுரங்கங்களில் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்களிடம் சாமான் வாங்கும் ஒரு ஃபோர்மேன் கடைசிச் சம்பளத்தோடு வந்து பழைய பாக்கி 340 குவாச்சாவை எண்ணி வைத்துவிட்டுப் போனார். வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றேன். கேட்கவில்லை. "கடன் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகக் கூடாது" என்றார். அந்த அக்டோபர் 18-ஆம் தேதியை நாட்டுப் பிரார்த்தனை நாள் என்று ஜனாதிபதி அறிவித்தார். அன்று கால்பந்து ஆட்டம் கிடையாது, மதுக்கடை கிடையாது. குவாச்சாவுக்காக மக்கள் முழங்கால் போட்டு வேண்டினார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதைக் கிண்டலாக எழுதின. எனக்குக் கோபம்தான் வந்தது. செம்பு விலையும் மழையும் தங்கள் கையில் இல்லை என்று தெரிந்தவர்கள் வேறு யாரிடம் போய்க் கேட்பார்கள்?

அப்புறம் கொரோனா. 2020 நவம்பர் 13 அன்று 4 கோடியே 25 லட்சம் டாலர் வட்டியைக் கட்ட முடியவில்லை. அவ்வளவுதான், நாடு திவால் என்று செய்தி வந்துவிட்டது.

நேர்கோடு, ஊழலை நான் மறுக்கவில்லை, சாம்பியாவிலும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன மொசாம்பிக் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். அந்தக் கடனை ஏற்பாடு செய்தது கிரெடிட் சுவிஸ், விடிபி ஆகிய பெரிய வங்கிகள். கிரெடிட் சுவிஸ் 2021-இல் அதற்காகக் கோடிக்கணக்கில் அபராதம் கட்டியது. லஞ்சம் வாங்கியவர்களில் அதன் ஊழியர்களும் உண்டு. பிள்ளைகளிடம் சொல்வதென்றால் இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.


தீவுவாசி:

வணக்கம் ரீச்சர். நான் கொழும்புப் பக்கம். 2022-இல் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். செம்பு அண்ணா எழுதியதை வாசிக்க எங்கட கதைதான் நினைவுக்கு வந்தது, பொருள்தான் வேறு. அங்கே செம்பு, இங்கே தேயிலை, ஆடைத் தொழிற்சாலை, சுற்றுலா, மத்திய கிழக்கில் வேலை செய்கிறவர்கள் அனுப்புகிற காசு.

எங்கட வீழ்ச்சியில் மூன்று முடிவுகளை மறக்கக் கூடாது, மூன்றும் ஆட்சியில் இருந்தவர்கள் எடுத்தது. 2007-இலிருந்து சர்வதேசச் சந்தையில் பிணைமுறி (கடன் பத்திரம்) விற்றுக் கடன் வாங்கிப் பழகியது ஒன்று. 2019 முடிவில் பெறுமதி சேர் வரியை (வாட்) 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது இரண்டு. அரசின் வருமானம் விழுந்தது, வெளியே கடன் கொடுப்பவர்கள் கதவை மூடினார்கள். மூன்றாவது, 2021-இல் இரசாயன உரம் இறக்குமதிக்குத் தடை. இயற்கை விவசாயம் நல்லதுதான், ஒரு போகத்துக்குள் நாட்டையே மாற்ற முடியுமா? டொலர் மிச்சம் பிடிக்கலாம் என்று உரத்தை நிறுத்தினார்கள், பிறகு அதே டொலரைக் கொடுத்து அரிசி இறக்குமதி செய்தார்கள். வயல்காரர்கள் பட்ட நட்டத்தை யாரும் முழுசாக ஈடு செய்யவில்லை. இதற்கு மேலே 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா. சுற்றுலாப் பயணிகள் இல்லை, டொலரும் இல்லை.

2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். மொத்த வெளிநாட்டுக் கடன் 51 பில்லியன் டொலர் அளவில். மே மாதத்தில் நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார், உடனே எடுத்துச் செலவழிக்கக்கூடிய கையிருப்பு 50 மில்லியனும் இல்லை என்று. பெற்றோல் ஏற்றிய கப்பல் கடலில் நிற்கும், இறக்குவதற்குக் காசு இருக்காது.

என் அப்பா முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர். ஜூனில் ஒரு தடவை இரண்டு இரவும் ஒன்றரைப் பகலும் வரிசையில் நின்றார். வண்டிக்குள்ளேயே கால் மடக்கித் தூக்கம். நான் சோறு கட்டிக்கொண்டு போவேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் இருக்கிற துளி எண்ணெயும் போய்விடும் என்று, வரிசை நகர நகர எல்லாரும் கையால் தள்ளுவார்கள். முன்னால் நிற்கிறவர் தூங்கிவிட்டால் அவருடைய வண்டியையும் சேர்த்துத் தள்ளுவார்கள், எழுப்ப மாட்டார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபா, ஜூன் கடைசியில் 470. அப்படி வரிசையில் நின்ற இடத்திலேயே உயிர் போனவர்களும் இருந்தார்கள்.

நீங்கள் ரீச்சர் என்பதால் இதையும் சொல்லுகிறேன். அந்த மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். காரணம், வினாத்தாள் அடிக்கக் கடதாசி இல்லை. கடதாசி வாங்க டொலர் இல்லை. என் தங்கச்சி அப்போது பத்தாம் வகுப்பு.


கரும்பலகை:

இரண்டு பேருக்கும் நன்றி. தீவுவாசி, உங்கள் கடைசிப் பத்தியை நாளை வகுப்பில் படிக்கலாமா? அவர்களுக்கும் அதே வயது.

இன்னும் இரண்டு கேள்வி. இதெல்லாம் சீனா விரித்த வலை என்று பலர் சொல்கிறார்களே, உண்மையா? அப்புறம், கட்ட மாட்டோம் என்று ஒரு நாடு நேராகவே சொல்லிவிட்டால் என்ன ஆகும்?


தீவுவாசி:

தாராளமாகப் படியுங்கோ ரீச்சர். ஊர்ப் பெயர் வேண்டாம், அவ்வளவுதான்.

சீனா பற்றி: அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-இல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது உண்மை, 1.12 பில்லியன் டொலருக்கு. அது எங்களுக்கு இன்னும் வலிக்கிற விசயம். ஆனால் 2022-இல் எங்கட கழுத்தைப் பிடித்தது அது மட்டும் இல்லை. நியூயோர்க், லண்டன் சந்தைகளில் விற்ற பிணைமுறிகள்தான் 12 பில்லியனுக்கு மேல். வட்டியும் கூட, தவணையும் கிட்டக் கிட்ட. சீனாவை மட்டும் பேசினால் மற்றக் கடன்காரர்கள் தப்பித்துக்கொள்வார்கள், கையெழுத்துப் போட்ட எங்கட ஆட்களும் தப்பித்துக்கொள்வார்கள்.


கணக்குப்பிள்ளை:

சாம்பியாவில் சீனாவின் பங்கு பெரியது, தனி நாடுகள் கொடுத்த கடனில் முதல் இடம் அதற்குத்தான். அங்கே எனக்குத் தெரிந்து பெரிய தொந்தரவு, ஒப்பந்த விவரங்கள் ரகசியமாக இருந்ததுதான். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தெரியாமல் மற்றக் கடன்காரர்கள் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நான் குறைத்தால் அந்த மிச்சம் அவனுக்குப் போய்விடுமே என்ற பயம்.

ஒரு தனி ஆள் நொடித்துப் போனால் நீதிமன்றம் இருக்கிறது, கடன்காரர்களை உட்காரவைத்துப் பங்கு பிரித்துவிடும். நாடு நொடித்தால் அப்படி ஓர் இடமே இல்லை. 2020 நவம்பரில் ஜி20 நாடுகள் சேர்ந்து ஒரு பொது ஏற்பாடு அறிவித்தன. சாம்பியா 2021 தொடக்கத்திலேயே அதில் சேர்ந்தது. அரசுகள் கொடுத்த 630 கோடி டாலரைச் சீரமைக்க ஒப்புக்கொண்டது 2023 ஜூனில். பத்திரக்காரர்களோடு 2023 நவம்பரில் பேசி முடித்ததை, எங்களைவிட அவர்களுக்கு அதிகம் கிடைக்கிறது என்று அரசுக் கடன்காரர்கள் தடுத்தார்கள். கடைசியில் முடிந்தது 2024 ஜூன். மூன்றரை வருடம்! அந்த 2024-இலேயே மழை மீண்டும் பொய்த்து நாட்டுப் பேரிடர் என்று அறிவிக்கும் நிலை வந்தது. கடன் பேச்சு நடந்த வருடங்களில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் காத்துக்கொண்டுதான் இருந்தன.

கட்ட மாட்டோம் என்று சொல்லலாமா என்றால், 1987 ஜூலையில் புர்கினா ஃபாசோவின் ஜனாதிபதி தாமஸ் சங்காரா, அடிஸ் அபாபாவில் நடந்த ஆப்பிரிக்கத் தலைவர்கள் மாநாட்டில் அதைத்தான் சொன்னார். ஆப்பிரிக்கா முழுவதும் சேர்ந்து மறுக்க வேண்டும், நாங்கள் மட்டும் மறுத்தால் அடுத்த மாநாட்டுக்கு நான் இருக்க மாட்டேன் என்றார். அந்த அக்டோபரிலேயே கொல்லப்பட்டார். அது உள்நாட்டு அதிகாரச் சண்டை, கடனோடு நேராக முடிச்சுப் போடக் கூடாது. ஆனால் சேர்ந்து மறுக்க வேண்டும் என்று அவர் சொன்னது சரியான கணக்கு. தனியாக மறுத்தால் அடுத்த எண்ணெய்க் கப்பலுக்கு யாரும் கடன் தர மாட்டார்கள். வழக்கும் வரும். சாம்பியா ருமேனியாவிடம் 1979-இல் டிராக்டர் வாங்கிய கடன் ஒன்று இருந்தது. அதை டொனிகால் என்ற நிறுவனம் 1999-இல் 33 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டு 5 கோடி 50 லட்சம் கேட்டு வழக்குப் போட்டது. 2007-இல் லண்டன் நீதிமன்றம் 1 கோடியே 55 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. கடன் தள்ளுபடியில் மிஞ்சிய பணம் அப்படியும் போனது. பிரிட்டன் 2010-இல் இந்த மாதிரி வழக்குகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது, அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

கானாவைப் பற்றி யாரும் எழுதவில்லை. அது 2022 டிசம்பரில் கடன் கட்டுவதை நிறுத்தியது, அந்த மாதம் விலைவாசி ஏற்றம் 54 சதவீதம். வெளிநாட்டுக் கடனோடு உள்நாட்டுப் பத்திரத்திலும் கைவைத்தார்கள். வேலை பார்த்த காலத்தில் சேர்த்ததை அரசுப் பத்திரத்தில் போட்டிருந்த ஓய்வு பெற்றவர்கள், 2023 பிப்ரவரியில் அக்ராவில் நிதி அமைச்சகத்தின் முன்னால் அட்டை பிடித்து நின்றார்கள். முன்னாள் தலைமை நீதிபதி சோபியா அகுஃபோவும் வந்து அவர்களோடு நின்றார். வயதானவர்கள் விடவில்லை, விலக்கு வாங்கினார்கள்.


தீவுவாசி:

எங்களுக்கு அந்த விலக்குக் கிடைக்கவில்லை. 2023-இல் உள்நாட்டுக் கடன் சீரமைப்பு என்று ஊழியர் சேமலாப நிதியில்தான் (உங்கட ஊரில் வருங்கால வைப்பு நிதி) கைவைத்தார்கள். அதன் பிணைமுறிகளுக்கு வட்டி 2025 வரை 12 வீதம், பிறகு 9 வீதம் என்று மாற்றினார்கள். வங்கிகள் வைத்திருந்த ரூபா பிணைமுறிகளைத் தொடவில்லை.


நேர்கோடு:

நான் ஊழல் மட்டும்தான் என்று எழுதியது முழுசாகச் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஒன்று சேர்க்கிறேன். கென்யா 2014-இல் 6.875 சதவீதத்துக்கு வாங்கிய 200 கோடி டாலரை அடைக்க, 2024 பிப்ரவரியில் ஏறத்தாழ 10 சதவீதத்துக்குப் புதிதாக 150 கோடி வாங்கியது. ஜூனில் புதிய வரி மசோதா வந்தது. இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், 25-ஆம் தேதி நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள், போலீஸ் சுட்டது, பலர் இறந்தார்கள். மறுநாள் மசோதா வாபஸ். இறந்த பிள்ளைகளில் பாதிப் பேர், 2014-இல் அந்தக் கடனை வாங்கும்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். ஊழலைப் பற்றி அவர்களும்தான் கத்தினார்கள், அதனால் அதை விட்டுவிடாதீர்கள் டீச்சர்.


கரும்பலகை:

விட மாட்டேன். நாளை இரண்டு பாடவேளை சேர்த்துக் கேட்டிருக்கிறேன். கணக்குப்பிள்ளை ஐயா, அந்தப் பம்பு கணக்கைப் பலகையில் போட்டால் பிள்ளைகளுக்கு ஏறுமா?


கணக்குப்பிள்ளை:

நன்றாக ஏறும். நீங்கள் முழுசாகப் போட்டுக் காட்டாதீர்கள், அவர்களையே போடச் சொல்லுங்கள். ஒரு நாடு, ஒரே ஒரு விளைபொருள், கடன் 100 டாலர், வருடத்துக்கு வட்டி 6 டாலர். முதல் வருடம் ஒரு டாலருக்கு 6 காசு, மூன்றாம் வருடம் 14 காசு. மொத்த வரி வருமானம் 200 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் வட்டிக்கு 36 போகும், மிச்சம் 164. மூன்றாம் வருடம் 84 போகும், மிச்சம் 116. அந்த 48 காசை எதில் குறைப்பது, பள்ளியிலா, மருந்திலா, ரோட்டிலா என்று நான்கு குழுவாகப் பிரித்துப் பேசவிடுங்கள். அசலைப் பற்றி அப்போது சொல்ல வேண்டாம். அசல் 100-ஐயும் பத்தாவது வருடம் ஒரே தவணையாகக் கட்ட வேண்டும் என்பதை மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுதுங்கள். அந்த மாணவி என்ன சொன்னாள் என்று இங்கே வந்து போடுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.